மியூட்டினி: கலகமா, புரட்சியா, கிளர்ச்சியா, எழுச்சியா?

வேலூர்க் கோட்டையைப் பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்க உட்கார்ந்தவன் முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். 1806 ஜூலை 10 அன்று விடியுமுன் அங்கே ஒரு 'மியூட்டினி' வெடித்தது என்று அந்த வாக்கியம் தொடங்குகிறது. பென்சிலால் 'கலகம்' என்று எழுதினேன். அதை அடித்துவிட்டு மேலே 'புரட்சி' என்று எழுதினேன். மறுநாள் காலையில் பார்த்தபோது அதுவும் கண்ணை உறுத்தியது.

ஒற்றைக் கட்டுரை என்றால் ஏதாவது ஒன்றைத் துணிந்து போட்டிருப்பேன். கையில் இருப்பதோ ஒரு தொகுப்பு. பவுண்டி கப்பல், ஸ்பிட்ஹெட் துறை, வேலூர், மீரட், கீல், பம்பாய் என்று ஆறு இடங்களில் சிப்பாய்களும் மாலுமிகளும் மேலதிகாரிகளை மீறிய வரலாறு. ஆறுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். தமிழில் நமக்குப் பழகிய சொற்கள் நான்கு. ஒரு வாரம் அந்த நான்கையும் உரசிப் பார்த்ததில் எனக்குத் தெளிந்ததை எழுதிவைக்கிறேன். இதே சொல்லோடு மல்லுக்கட்டும் மொழிபெயர்ப்பாளருக்கும், வகுப்பில் 1857ஐ நடத்தும் ஆசிரியருக்கும் பயன்படலாம்.

முதலில் ஆங்கிலச் சொல்லின் பூர்விகம். லத்தீனில் 'மொவேரெ' என்றால் அசைத்தல், நகர்த்துதல். அந்த வேரிலிருந்து பழைய பிரெஞ்சில் அமளி, கொந்தளிப்பு என்ற பொருளில் ஒரு சொல் கிளைத்தது. அதே சொல் இன்றைய பிரெஞ்சில் வேட்டைநாய்க் கூட்டத்தைக் குறிக்கிறது. ஒரு மோப்பம் கிடைத்ததும் ஒன்றாக எழுந்து ஓடும் கூட்டம். அதன் இன்னொரு வடிவம் அடங்காதவனைக் குறித்தது. காலப்போக்கில் அது பிரெஞ்சில் மென்மையாகி, குறும்பு மின்னும் குழந்தை முகத்தைச் சொல்லும் அடைமொழியாகிவிட்டது. ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டில் வந்தது. அங்கே குறும்புக்கு இடமில்லை. தூக்குக்கயிறோடு சேர்ந்தே வளர்ந்தது.

அதற்கு 1689ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் ஜேம்ஸ் மன்னர் விரட்டப்பட்டு வில்லியம் அரியணை ஏறியிருந்த நேரம். கடல் கடந்து ஹாலந்துக்குப் போகும்படி ஆணையிடப்பட்ட ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு ஒன்று இப்ஸ்விச் நகரில் மறுத்து, பழைய மன்னர் பக்கம் சாய்ந்தது. உடனே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன் பெயரே மியூட்டினி சட்டம். சிறு இடைவெளிகள் நீங்கலாக ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு, 1879 வரை ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் அது ஆட்சி செய்தது. ஆகவே ஓர் ஆங்கில அதிகாரி 1806இல் 'மியூட்டினி' என்று எழுதும்போது, நடந்ததை வர்ணிப்பதோடு நிற்கவில்லை. குற்றப்பிரிவின் பெயரையும் சொல்லிவிடுகிறார். தண்டனை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இன்றைய பிரிட்டிஷ் படைச் சட்டத்திலும் ஒரு நுட்பம் உண்டு: ஒருவர் தனியாக ஆணையை மறுத்தால் அது கீழ்ப்படியாமை; குறைந்தது இன்னொருவரோடு கூடிப் பேசி மறுத்தால்தான் மியூட்டினி. அதிகாரம் அஞ்சுவது மறுப்பைவிட, மறுப்பவர்கள் ஒன்றுகூடுவதைத்தான்.

இதன் உறவுச் சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. ரிவோல்ட், ரெவல்யூஷன் இரண்டும் உருளுதல், புரளுதல் என்ற வேரில் பிறந்தவை. இரண்டாவது சொல் நெடுங்காலம் வானத்துக் கோள்களின் சுற்றைத்தான் குறித்தது. 1543இல் வெளிவந்த கோப்பர்னிக்கசின் நூல் தலைப்பில் அந்தப் பொருளில்தான் நிற்கிறது. இன்சரக்ஷன் என்பதன் வேர், எழுதல். மியூட்டினியின் வேர், அசைதல். இப்போது தமிழைப் பாருங்கள். புரள் என்பதிலிருந்து புரட்சி. எழு என்பதிலிருந்து எழுச்சி. கிளர் என்பதிலிருந்து கிளர்ச்சி. அடங்கிக் கிடந்தது அடங்காமல் போவதைச் சொல்ல, ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகளும் அதே உடல் அசைவுகளைத்தான் எடுத்துக்கொண்டிருக்கின்றன. கலகம் மட்டும் வேறு குடும்பம். அது வடமொழியின் 'கலஹ'. பொருள் சண்டை, சச்சரவு.

அந்தக் கலகத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம்மில் பெரும்பாலோர் காதில் முதலில் விழுவது 'சிப்பாய்க் கலகம்'தான். நாவில் எளிதாக ஓடும் தொடர். நான் பள்ளியில் படித்ததும் அதுவே. ஆனால் கலகம் என்ற சொல் தமிழில் எங்கெல்லாம் வாழ்கிறது என்று பார்க்க வேண்டும். தெருவில் இரு தரப்பு அடித்துக்கொண்டால் கலகம். இலங்கைத் தமிழ் ஏடுகளில் 'கலகம் அடக்கும் பொலிஸார்' என்று இன்றும் வருகிறது. கேடயமும் கண்ணீர்ப்புகையுமாக வந்து கூட்டத்தைக் கலைப்பவர்கள். தமிழ் பைபிளில் பரபாஸ் சிறையில் கிடப்பது ஒரு கலகத்துக்காக. நாரதர் செய்வதும் கலகம். அது நன்மையில் முடியும் என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம், ஆனாலும் கலகம். அதாவது, காரணம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அமைதி குலைந்தது என்பதுதான் இந்தச் சொல்லின் முதல் செய்தி. யாருடைய அமைதி என்று அது கேட்பதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 'கலகம் பிறந்தால்தான் நியாயம் பிறக்கும்' என்ற பழமொழியைச் சொன்ன வாய் கலகத்தை வெறுத்த வாயாக இருக்க முடியாது. சிற்றிதழ் உலகில் கலகக் குரல், கலகக்காரர் என்பன பாராட்டுச் சொற்களாகிவிட்டன. பெரியாரைக் கலகக்காரர் என்று சொல்பவர் அவரைப் போற்றத்தான் சொல்கிறார். ஆனால் இந்த மதிப்பு தனிமனிதரின் துணிவுக்குக் கிடைத்த மதிப்பு. வரலாற்று நிகழ்ச்சியின் பெயராக வரும்போது பழைய வாடை போகவில்லை. 'சிப்பாய்க் கலகம்' என்று தலைப்பிட்டால், வாசகர் முதல் பத்தியைப் படிக்குமுன்பே கோட்டை மதிலுக்கு அந்தப் பக்கம், அதிகாரிகளோடு நிறுத்தப்பட்டுவிடுகிறார்.

வேலூரில் நடந்ததை அருகில் போய்ப் பார்த்தால் அந்த நிறுத்தல் எவ்வளவு தவறு என்று தெரியும். 1805 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைக்குப் புதிய ஆணை வந்தது. அணிவகுப்பில் இந்துச் சிப்பாய் நெற்றியில் சமயச் சின்னம் இடக்கூடாது. முஸ்லிம் சிப்பாய் தாடியை மழித்து மீசையைக் கத்தரிக்க வேண்டும். இருவரும் தொப்பி போன்ற புதிய தலைப்பாகையை அணிய வேண்டும். அந்தத் தலைப்பாகையில் தோலால் செய்த ஒரு குஞ்சம். எந்த விலங்கின் தோல் என்ற கேள்வி ஒவ்வொரு பாசறையிலும் எழுந்தது. தொப்பி என்பது வெறும் துணியுமல்ல. தொப்பிக்காரர் என்றாலே வெள்ளைக்காரர் என்றிருந்த காலம் அது. மறுத்தவர்களுக்குச் சவுக்கடி கிடைத்தது. அதே கோட்டைக்குள்தான் திப்பு சுல்தானின் மக்கள் குடும்பங்களோடு காவலில் வைக்கப்பட்டிருந்தார்கள். ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருவரின் திருமணம். அந்தக் கூட்டத்தைச் சாக்காகக் கொண்டு சிப்பாய்கள் ஒன்றுகூடினார்கள். விடியுமுன் கோட்டை அவர்கள் கையில். மைசூர் அரசின் கொடி ஏறியது.

தூங்கிக்கொண்டிருந்த ஆங்கிலச் சிப்பாய்களும் அன்று கொல்லப்பட்டார்கள். அதிகாரிகள் 14 பேரோடு, 69ஆம் படைப்பிரிவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இதை மறைத்து எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. ஆற்காட்டிலிருந்து ரோலோ கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டார். அரண்மனையில் ஒளிந்திருந்த ஏறத்தாழ 100 சிப்பாய்கள் வெளியே இழுத்துவரப்பட்டு, சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். பின்னர் விசாரணை நடத்தி ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் தளபதி ஜான் கிரடாக்கும் லண்டனுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். இவ்வளவையும் 'கலகம்' என்ற ஒரு சொல்லுக்குள் மடித்து வைக்க என் கை வரவில்லை.

அப்படியானால் புரட்சியா? வேலூருக்கு இந்தச் சொல்லைப் பலர் ஆர்வத்தோடு பயன்படுத்துகிறார்கள். அந்த ஆர்வத்தை மதிக்கிறேன். கலகம் என்ற இழிபெயரைத் துடைக்க எடுத்த சொல் அது. ஆனாலும் எனக்கு இரண்டு தடைகள். ஒன்று, புரட்சி என்றால் அடியோடு புரள வேண்டும். பிரெஞ்சுப் புரட்சி, ருஷ்யப் புரட்சி என்று நாம் சொல்வது, மேலே இருந்தது கீழே போய் இதுவரை இல்லாத ஓர் ஒழுங்கு வந்ததால். 'ஆகாவென் றெழுந்ததுபார் யுகப்புரட்சி' என்று ருஷ்யாவைப் பாடிய பாரதி, யுகமே புரண்டது என்ற பொருளில்தான் அந்தச் சொல்லைக் கையாள்கிறார். வேலூர்ச் சிப்பாய்கள் ஏற்றியது, ஏழு ஆண்டுகளுக்கு முன் வீழ்ந்த ஓர் அரசின் கொடி. அவர்கள் கேட்டது புதிய யுகமன்று. பறிபோன மானமும் பழைய அரசும்.

இரண்டாவது தடை நடைமுறை சார்ந்தது. பக்கத்து நாட்டில் தளபதிகள் ஆட்சியைப் பிடித்தால் நம் செய்தித்தாள்கள் 'ராணுவப் புரட்சி' என்று எழுதிப் பழகிவிட்டன. மேலிருப்பவன் துப்பாக்கியோடு அரசைக் கவிழ்ப்பதும், கீழிருப்பவன் மேலதிகாரியை மறுப்பதும் ஒரே பெயரில் வந்தால் வாசகர் குழம்புவார். போதாதற்குப் பசுமைப் புரட்சி, வெண்மைப் புரட்சி என்று பயிருக்கும் பாலுக்கும் அந்தச் சொல் போய்விட்டது. அதன் கூர்மையை மிச்சப்படுத்தி, உண்மையிலேயே புரண்ட இடத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.

அப்படி ஓர் இடம் இந்தத் தொகுப்பிலேயே இருக்கிறது. 1918 அக்டோபர் இறுதியில், போர் தோற்றுவிட்டது என்று தெரிந்த பிறகும் பிரிட்டிஷ் கடற்படையோடு கடைசியாக மோதிப் பார்க்க ஜெர்மன் தளபதிகள் கப்பல்களை அனுப்ப முற்பட்டார்கள். மாலுமிகள் மறுத்தார்கள். நவம்பர் 3, 4 தேதிகளில் அது கீல் நகரத்தின் போராட்டமாயிற்று; தொழிலாளர்களும் சேர்ந்தார்கள். நவம்பர் 9 அன்று பெர்லினில் குடியரசு அறிவிக்கப்பட்டது, ஜெர்மன் பேரரசர் கைசரின் முடி போயிற்று. கப்பலில் தொடங்கியது கிளர்ச்சி, பெர்லினில் முடிந்தது புரட்சி. அந்தக் கட்டுரையில் இரண்டு சொற்களையும் அந்த வரிசையிலேயே போட்டேன். ஜெர்மானியருக்கும் இந்தத் தேர்வு உண்டு: 'மோய்ட்டெராய்' என்று மியூட்டினியின் உடன்பிறந்த சொல் அவர்களிடம் இருக்கிறது. ஆனால் கீல் மாலுமிகளைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் 'ஆவுஃப்ஷ்டாண்ட்' என்கிறார்கள். எழுந்து நிற்றல் என்று பொருள்.

கிளர்ச்சி. வேரைப் பார்த்தால் மியூட்டினிக்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல் இதுதான். லத்தீன் 'மொவேரெ'யிலிருந்து மியூட்டினி மட்டுமா வந்தது? உணர்ச்சியைக் குறிக்கும் எமோஷனும் அதிலிருந்துதான். கும்பலைக் குறிக்கும் 'மாப்' என்ற சொல்லும் அதிலிருந்துதான். தமிழிலும் மனம் கிளர்ந்தால் மனக்கிளர்ச்சி, மக்கள் கிளர்ந்தால் மக்கள் கிளர்ச்சி. உள்ளே நடப்பதையும் வெளியே நடப்பதையும் ஒரே வினையால் சொல்லும் இந்த ஒற்றுமையைக் கண்டபோது, தேடியது கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அதோடு, பழிக்காத, புகழாத சொல்லும்கூட. பாளையக்காரர் கிளர்ச்சி என்று ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. செய்தி எழுதுபவர்களும் அரசை எதிர்த்து ஆயுதம் ஏந்துவோரைக் கிளர்ச்சியாளர்கள் என்றே எழுதுகிறார்கள்.

குறை ஒன்றுதான். அளவு தெரியாது. கூலி உயர்வு கேட்டு மறியல் செய்வதும் கிளர்ச்சி, கோட்டையைப் பிடிப்பதும் கிளர்ச்சி. உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கு அது சற்றே குறைவான சொல்லாகத் தோன்றுகிறது.

ஆனால் ஸ்பிட்ஹெட்டுக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது. 1797 ஏப்ரலில், பிரான்சோடு போர் நடந்துகொண்டிருந்தபோது, போர்ட்ஸ்மத் அருகே நங்கூரமிட்டிருந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் மாலுமிகள் கடலுக்குப் போக மறுத்தார்கள். 1658 முதல் அவர்களுடைய சம்பளம் உயரவே இல்லை. உணவு அளக்கும் கணக்கன் 16 அவுன்சு இருக்க வேண்டிய ஒரு பவுண்டை 14 அவுன்சாக அளந்தான், மிச்சம் அவனுக்கு. கப்பலுக்கு இருவர் வீதம் பேராளர்களைத் தேர்ந்தெடுத்து, ஒழுங்கு கெடாமல், பிரெஞ்சுக் கப்பல்கள் புறப்பட்டால் உடனே போருக்குப் போவோம் என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். சம்பளம் உயர்ந்தது, மன்னரின் மன்னிப்பும் கிடைத்தது. இதைக் கலகம் என்று எழுதினால் எந்த வாசகருக்கும் ஒட்டாது. அதே ஆண்டு தேம்ஸ் முகத்துவாரத்தில் நோர் என்ற இடத்தில் தொடர்ந்தவர்களுக்கு மன்னிப்புக் கிடைக்கவில்லை. அவர்களின் தலைவர் ரிச்சர்ட் பார்க்கர் ஜூன் 30 அன்று கப்பல் பாய்மர நுனியில் தூக்கிலிடப்பட்டார்.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லாமல் போக மனமில்லை. வேலைநிறுத்தத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஸ்ட்ரைக்' என்ற சொல்லே மாலுமிகள் தந்தது. 1768இல் லண்டன் துறைமுகத்தில் கூலிப் போராட்டம் செய்த மாலுமிகள் கப்பல்களின் பாய்களை இறக்கினார்கள். பாயை இறக்குவதற்கு அவர்கள் மொழியில் ஸ்ட்ரைக் என்று பெயர். 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் 'தல்வார்' கடற்படை நிலையத்தின் இந்திய மாலுமிகள், மோசமான சோற்றுக்காகவும் அதிகாரியின் இனவெறி வசவுகளுக்காகவும் வேலையை நிறுத்தியபோது, தாங்கள் அமைத்த குழுவுக்குக் கடற்படை மத்திய வேலைநிறுத்தக் குழு என்றே பெயர் வைத்தார்கள். ஓரிரு நாளில் 78 கப்பல்கள், 20,000 மாலுமிகள். காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகள் மூன்றும் ஒரே கப்பலில் பறந்தன. தாங்களே தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் வேலைநிறுத்தம். மியூட்டினி என்பது அரசு வைத்த பெயர். ஆங்கிலக் கட்டுரை இரண்டாவதைத்தான் தலைப்பில் வைத்திருக்கிறது. தமிழில் நான் முதலில் வேலைநிறுத்தம் என்று தொடங்கி, பம்பாய்த் தெருக்களில் மக்கள் சேர்ந்து துப்பாக்கிக் குண்டுகளுக்கு முன் நின்ற பக்கத்திலிருந்து எழுச்சி என்று மாற்றினேன்.

எழுச்சி என்ற சொல்லைப் பற்றி அதிகம் வாதாடத் தேவையில்லை. திருப்பள்ளியெழுச்சியில் இருக்கும் எழுச்சிதான் இதுவும். தூங்கியது விழித்தது, கிடந்தது நின்றது. மேடைப் பேச்சுகளில் 'எழுச்சிமிகு' என்று அடிக்கடி கேட்டுக் காது சற்று மரத்திருக்கலாம். கூட்டம் திரண்டாலே எழுச்சி என்று எழுதும் வழக்கமும் இருக்கிறது. இருந்தாலும், தோற்றாலும் பெருமை குறையாத சொல் இது ஒன்றே. புரட்சி வென்றால்தான் புரட்சி. எழுச்சிக்கு எழுந்ததே போதும். எட்டு மணி நேரத்துக்குள் அடக்கப்பட்ட வேலூருக்கு அதனால்தான் இதைத் தேர்ந்தேன்: வேலூர்ச் சிப்பாய் எழுச்சி.

1857க்கு மட்டும் ஒரே பெயரில் அடங்கவில்லை. அந்த ஆண்டு ஜூலை 27 அன்றே லண்டன் நாடாளுமன்றத்தில் டிஸ்ரேலி கேட்டுவிட்டார்: இது படையினரின் மியூட்டினியா, ஒரு தேசத்தின் ரிவோல்ட்டா? மே 10 அன்று மீரட்டில் நடந்தது முன்னது. அயோத்தி (அவத்) நாட்டின் கிராமங்கள் எழுந்தபோது அது பின்னது. 1909இல் சாவர்க்கர் தம் நூலின் பெயரிலேயே அதைச் சுதந்திரப் போர் என்று அறிவித்தார். நான் மீரட்டைச் சிப்பாய்க் கிளர்ச்சி என்றும், முழு ஆண்டையும் பேரெழுச்சி என்றும் எழுதினேன். ரெபெல்லியன் என்ற சொல்லின் வேரை இங்கே நினைத்துக்கொள்ளலாம்: 'ரெ' என்றால் மறுபடி, 'பெல்லும்' என்றால் போர். தோற்று அடங்கியவர்கள் மறுபடி தொடுக்கும் போர். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்து, 1806இல் வேலூரில் அவர் கொடி மறுபடி ஏறியதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எந்த அகராதியிலும் கிடையாது. அதற்கு ஒரே சொல்லில் தமிழ் கிடைக்கவில்லை. 'மறுபோர்' என்று ஒன்றை ஆக்கிப் பார்த்து, செயற்கையாகத் தெரிந்ததால் விட்டுவிட்டேன்.

பவுண்டி என்ற பிரிட்டிஷ் கப்பல் எஞ்சியது. 1789 ஏப்ரல் 28 அன்று பிளெட்சர் கிறிஸ்டியனும் கூட்டாளிகளும் கேப்டன் பிளையையும் அவரைச் சேர்ந்த 18 பேரையும் ஒரு படகில் இறக்கிவிட்டுக் கப்பலை எடுத்துக்கொண்டு போனார்கள். சம்பளக் கோரிக்கையும் இல்லை, கொடியும் இல்லை. கப்பல் கலகம் என்று எழுதினேன். அந்த இடத்தில் அந்தச் சொல் நெருடவே இல்லை.

கடைசியாக ஓர் ஏற்பாடு. அதிகாரிகளின் கடிதங்களும் விசாரணைக் குறிப்புகளும் மேற்கோளாக வரும் இடங்களில் எல்லாம் 'கலகம்' என்றே விட்டிருக்கிறேன். அவர்கள் வாயில் அதுதான் இருந்தது. அதை மாற்றினால் அவர்களுக்கு நான் நல்ல பெயர் வாங்கித் தந்ததாகிவிடும். மேற்கோள் முடிந்து ஆசிரியர் பேசத் தொடங்கும் வரியிலேயே சொல் எழுச்சியாகவோ கிளர்ச்சியாகவோ மாறிவிடும். நூலின் சொல்லடைவில், பழைய பெயரைத் தேடி வருபவர்களுக்காக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'வேலூர்க் கலகம்: காண்க, வேலூர்ச் சிப்பாய் எழுச்சி.'